சத்தம் வராத பாடம்

தொண்ணூற்றேழாம் வருசம் கடைசியில் எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் கைத்தொழில் புரட்சி மனப்பாடம். கைநாட்டு வைக்கிற, தொழிற்சங்கத்துச் சின்னத்தம்பி தலைவர்கூட, ‘கைத்தொழில் புரட்சி இங்கிலாந்தில் முதலில் ஏற்பட்டமைக்கான காரணங்கள் ஐந்து’ என்று தொடங்கினால் நாலாவது காரணம் வரைக்கும் தடங்கலில்லாமல் வந்துவிடுவார். ஐந்தாவதில் எல்லோருக்குமே இடறும். அந்த இடம் வரும்போது தர்மிளாவுக்குக் கொட்டாவி வந்துவிடும், அதனால் எங்களுக்குச் சரியாகக் கேட்டதில்லை.

தர்மிளா பக்கத்துக் காம்பரா பழனியாண்டிக்கும் அழகம்மாவுக்கும் ஒரே மகள். பதினேழு வயது. முந்தின வருசம் பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல். சோதனை எழுதி மற்ற எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினாள், கணக்கு மட்டும் போய்விட்டது. கணக்கு இல்லாத பெறுபேற்றை வைத்துக்கொண்டு அடுப்புத்தான் பற்றவைக்கலாம். கணக்கும் இருந்தால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று மக்கீன் மாஸ்டர் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் போனால் தை மாதம் அவள் பேரைத் தோட்ட வேலைக்குப் பதிந்துவிட வேண்டும் என்று கங்காணி சொல்லியாகிவிட்டது. பேர் பதிந்தால் ரப்பர் பால் வாளி, வெட்டுக் கத்தி, விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு. அவளுடைய அம்மாவும் நானும் இருபது வருசமாகச் செய்கிறது அதுதான்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே. ரப்பர். குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாகப் பத்துக் காம்பரா, அதுதான் லயம், ஒரே தகரக் கூரை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் கூரைவரை எழும்பாது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டியவன் ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் போனதும் போதும் என்று விட்டுவிட்டான். மேலே எல்லாம் திறந்த வெளி. மூன்றாம் காம்பராவில் மிளகாய் தாளித்தால் எட்டாம் காம்பராவில் தும்முவார்கள். யார் வீட்டில் யார் எத்தனை மணிக்குத் திரும்பிப் படுத்தார்கள் என்பதுவரை தெரியும். இதை நான் ஒட்டுக்கேட்பதாகச் சிலர் சொல்வார்கள். சுவர் இல்லாத இடத்தில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழனியாண்டி ஒவ்வொரு வாசலாக வந்து நின்றார். நல்ல மனுசன், அதிகம் பேசாதவர். கையைக் கட்டிக்கொண்டு, “அக்கா, புள்ளைக்கு ரெண்டாவது தடவ. ஒரு மாசத்துக்கு ரேடியோவக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டீங்கன்னா…” என்றார்.

“கொறைக்கிறது என்னா தம்பி, நிறுத்தியே போடுறோம்” என்றேன்.

சின்னத்தம்பி தலைவர் சும்மா இருப்பாரா? மறுநாள் பெரட்டில் தொழிற்சங்க அறிவிப்பு மாதிரி அறிவித்தார். லயத்தில் ரேடியோ இல்லை, உரல் இடிப்பதில்லை, கோவில் குழாயில் பாட்டு இல்லை, புருசன் பெண்டாட்டி சண்டை இருந்தால் ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தோட்டத்தில் ஒரு பிள்ளை படித்து எழும்பினால் அது எல்லோருக்கும் பெருமை. அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அப்படி லயம் அடங்கியது. அடங்கின பிறகு கேட்பதற்கு இருந்தது ஒரே ஒரு சத்தம். தர்மிளா படிக்கிற சத்தம்.

நாங்கள் விடிய அஞ்சு மணிக்குப் போய் மரம் வெட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, ஒரு மணிக்குள் லயத்துக்கு வந்துவிடுவோம். அன்றைக்கு மழை என்றால் பட்டை நனைந்து பால் வழிந்து போகும், வெட்டே கிடையாது, நாள் முழுக்க வீட்டில்தான். கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுவிட்டு, வெறுந்தேத்தண்ணியோடு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளை படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்போம். ரேடியோவை நிறுத்தின ஆட்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

கேட்கிற ஆளுக்கு நின்றால் தெரியும்தானே. பத்து நிமிசம் சத்தம் இல்லையென்றால் யாராவது ஒருவர் சுவருக்கு மேலே குரல் கொடுப்போம். “ஏம்மா தர்மிளா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?” உடனே பழனியாண்டி எங்கிருந்தாலும் உள்ளே போவார். “என்னாம்மா, நிறுத்திட்டே?” அடுத்த நொடி கைத்தொழில் புரட்சி தொடங்கிவிடும்.

அதிகம் கூப்பிட்டது நான்தான். பொய் சொல்வானேன்.

வல்லாரை வேறு. ஞாபகசக்திக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட, ஓடைக்கரையில் ஒரு இலை மிச்சமில்லாமல் பிடுங்கி வந்து கொடுத்தோம். சந்திக் கடை பியதாச முதலாளிகூடச் சிங்களத்தில் ‘துவவுக்கு’, மகளுக்கு, என்று சொல்லி விடியற்காலையில் ஒரு கோப்பை கொலகந்த அனுப்பினார். அந்தப் பச்சைக் கஞ்சியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு அந்தப் பிள்ளை நாலரை மணிக்கு உட்காரும். நாங்கள் பெரட்டுக்குப் போகும்போதும் படிக்கும், வரும்போதும் படிக்கும், நாங்கள் படுக்கும்போதும் படிக்கும். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டுபோயிற்று. தலை வாருவதில்லை. சோறு வைத்தால் நாலு பருக்கை.

“பார்த்தியா, படிப்புன்னா இப்படி இருக்கணும்” என்று லயத்தில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

சோதனை திங்கட்கிழமை. முதல் தாளே கணக்கு. அதற்கு முந்தின வியாழக்கிழமை நான் பால் நிறுத்துவிட்டு வந்து முகம் கழுவுகிறேன், லயத்தில் சத்தம் இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்துக் காம்பராவில் புத்தகத்தின் தாள் புரள்வது மட்டும் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை சுவரில் சாய்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. தொண்டை முழுக்கக் கட்டிவிட்டது. நான் வந்து நின்றதும் இன்னும் வேகமாக உதட்டை அசைத்தாள், நான் அவளைப் பிடித்துவிட்ட மாதிரி.

அழகம்மா பின்னாலேயே வந்தாள். பால் வாளியை இறக்கக்கூட இல்லை. “தர்மி, இங்க பாரு. அம்மாவப் பாரு” என்று மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். பிள்ளையின் கண் மட்டும் புத்தகத்தை விட்டு வரவில்லை.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, மக்கீன் மாஸ்டர் அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். தர்மிளாவுடைய அனுமதி அட்டை பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது, அதைக் கொடுக்க வந்தவர். கணக்கு மாஸ்டர். யட்டியாந்தோட்டை பஸாரில் வீடு. பழனியாண்டியும் வந்து சேர்ந்தார். லயம் முழுக்க வாசலில் கூடிவிட்டது.

“தொண்டதான் மாஸ்டர், வேற ஒண்ணுமில்ல. எல்லாம் தலையில இருக்கு” என்றார் பழனியாண்டி. “நீங்களே கேட்டுப் பாருங்க. சரித்திரத்துல எங்க வேணும்னாலும் கேளுங்க.”

“நான் ஏன் சரித்திரம் கேக்கணும்?” என்று மாஸ்டர் குந்தி உட்கார்ந்தார். “புள்ள, ஒரு முக்கோணம். ஒரு கோணம் அம்பது பாகை. மத்தது எழுபது. மூணாவது எவ்வளவு?”

தர்மிளா நிமிர்ந்தாள். கரகரத்த குரலில், “ஒரு முக்கோணத்தின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது பாகை ஆகும்” என்றாள்.

“சரி. அப்ப மூணாவது எவ்வளவு?”

“ஒரு முக்கோணத்தின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது பாகை ஆகும். படம் நாலைப் பார்க்க.”

வாசலில் நின்ற சின்னப் பயல் ஒருவன் சிரித்தான். அவன் அம்மா அவன் தலையில் ஒன்று வைத்தாள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

“அம்பதும் எழுபதும் எவ்வளவும்மா?” என்றார் மாஸ்டர் மெதுவாக.

பிள்ளை கையை விரித்து விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, முகம் அழவில்லை.

மாஸ்டர் எழுந்து இஸ்தோப்புக்கு வந்தார். “பழனியாண்டி அண்ணே, இந்தப் புள்ள படிச்சது காணும், போதும். புத்தகத்தப் பூட்டி வைங்க. தூங்கட்டும். நாள முழுக்கத் தூங்கினாலும் எழுப்பாதீங்க.”

“சோதனைக்கு நாலு நாள்ல தூங்கச் சொல்றீங்களே மாஸ்டர்.”

“தூங்காட்டி அவ அங்க போய்த் தாளப் பாத்துக்கிட்டு இருப்பா. இப்ப விரலப் பாத்துக்கிட்டு இருந்தாளே, அப்பிடி. நான் பழைய கேள்வித்தாள் ஒரு கட்டு குடுத்தேனே, அதுல எத்தன போட்டிருக்கா?”

பழனியாண்டிக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. கேள்வித்தாள் போடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டதில்லை.

“அவ பதினெட்டு மணித்தியாலம் படிக்கிறா மாஸ்டர். லயமே சாட்சி.”

“கூடிப்போச்சு. அதத்தான் நானும் சொல்றேன்.”

“படிப்பு எப்படிங்க கூடும்? சோறுன்னா கூடும், சாராயம்னா கூடும்.”

மாஸ்டர் சைக்கிளில் காலைப் போட்டார். “ரெண்டு நாளாவது விடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்போதுதான் அழகம்மா வாயைத் திறந்தாள். பதினாறு வருசம் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள், அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. “ஏங்க, புரட்டாசி மாசம் கணக்கப்பிள்ளை எல்லா மரத்தையும் தெனம் வெட்டச் சொன்னாரே. நீங்க என்னா சொன்னீங்க?”

பழனியாண்டி மாஸ்டர் கொடுத்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும், தெனம் வெட்டினா பட்ட காஞ்சு போகும், அப்புறம் சொட்டு வராதுன்னு கத்தியக் கீழ போட்டுட்டு நின்னீங்கல்ல.”

“மரம் அங்கனயேதான் நிக்கும் அழகம்மா. இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் குடுக்கும். திங்கக்கெழம நிக்குமா?”

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளை தூங்கினாள். பழனியாண்டி மரம் வெட்டப் போயிருந்த நேரம் மட்டும். அவர் வந்ததும் அழகம்மா அவளைக் குளிக்க மலைத்தண்ணீர் வருகிற பீலிக்கு அழைத்துப் போனாள். நானும் இரண்டு துணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கல்லில் உட்கார்ந்து தாயும் மகளும் பேசினார்கள். நிறையப் பேசினார்கள். பிள்ளை ஏதோ சொல்ல, அழகம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். முந்தின வாரம் முழுக்க மழை பெய்ததில் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரு சொல்லைக்கூடக் கேட்க விடவில்லை. அந்த வருசத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு பேச்சுத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பழனியாண்டி, “தூங்கினது போதும்மா. தொண்ட தொறந்திருச்சில்ல? எடுத்துப் படி, சத்தமா” என்றார். கைத்தொழில் புரட்சி தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரிக் கேட்டது. நான் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தேன்.

அழகம்மா முற்றத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

“பஞ்சவர்ணக்கா, ஒங்க கோழிய கட்டி வளக்க மாட்டீங்களா? என் மொளகாக் கன்று பூராத்தையும் கெளறிப் போட்டிருச்சு.”

என் கோழி இரண்டு நாளாக அடைக்கு உட்கார்ந்து கூடைக்குள் கிடக்கிறது. அதைச் சொன்னேன்.

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“பொய்யின்னு நான் சொல்லல. கோழி அங்க இல்லன்னு சொல்றேன்.”

“கோழியும் ஒன்னையப் போலத்தான். கூடையில இருந்துக்கிட்டே அடுத்த வீட்டுல கெளறும்.”

எனக்குக் காது அடைத்தது. ‘ஒன்னைய’ என்றாள். அழகம்மா. என்னை.

சண்டைக்கு எங்கள் லயத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஒரு மாதமாகத் தலைவருடைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தொண்டையை மூடி வைத்திருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையை இறக்கி வைத்தேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து தொடங்கினேன். நிவித்திகலப் பக்கம் அவள் ஊர், அங்கே மிளகாய்க் கன்று எப்படி இருக்கும் என்றே தெரியாது என்றேன். அவள் என் நாக்கைப் பற்றிச் சொன்னாள். நான் அவள் ரொட்டியைப் பற்றிச் சொன்னேன், அதைக் கொண்டு கூரை வேயலாம் என்று. பத்துக் காம்பராவும் முற்றத்தில் இறங்கிவிட்டது. ஒரு மாதப் பட்டினி அவர்களுக்கும். பலாக்காய் நறுக்கினவள் கத்தியோடு வந்து நின்றாள்.

“ஹரி, ஹரி, சரி, போதும் விடுங்கம்மா. புள்ள படிக்குது” என்று சின்னத்தம்பி தலைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் ஓடினார். பழனியாண்டி வெட்கத்தில் முகம் கறுத்து, “அழகம்மா, உள்ள வா” என்று பத்துத் தடவை சொன்னார்.

அவள் போகவில்லை. இரண்டு வார்த்தை சொல்வதும், தன் வாசலைத் திரும்பிப் பார்ப்பதும், திரும்ப வருவதுமாக இருந்தாள். விளக்கு வைக்கிற வரைக்கும் நடந்தது. அவ்வளவு கேவலமான சண்டை அவளுடையது. பழக்கமில்லாதவர்கள் செய்கிற தவறை அவளும் செய்தாள். பெரிய குற்றத்தை முதல் கால் மணித்தியாலத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். பிறகு கோழி, கோழி, கோழி.

ஞாயிற்றுக்கிழமை வெட்டு இல்லை. காலை முழுக்கப் பிள்ளையின் ஆணி கீறுகிற குரல். மத்தியானம் இரண்டு மணிக்கு நான் தலை வாரிக்கொண்டிருக்கிறேன், அழகம்மா முற்றத்தில்.

“நேத்து கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போய்க் கதவச் சாத்திட்டியே. பதில் சொல்லிட்டுப் போ.”

“எதுக்குப் பதில்?”

“என் வீட்டுல தண்ணி கொதிச்சா ஒனக்குத் தெரியணும். நாங்க இருமினா தெரியணும். எங்க புள்ள மூச்சு விட்டா எண்ணிக்கிட்டு இருக்கே. எதுக்கு? ஒன் காத வச்சுக்கிட்டு நாங்க வாழ முடியல.”

இது நேற்றைய கோழி மாதிரி இல்லை. இது எங்கேயோ உள்ளே போய்த் தைத்தது. நானும் பலமாகத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை இல்லாத என்னை வேறு எப்படி இருக்கச் சொல்கிறாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அழகம்மாவின் கண் கலங்கியது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. வாய் உலர்ந்து, குரல் போய், சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டு மறுபடியும் தன் வாசலைப் பார்த்தாள்.

எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். குடித்தேன். அப்படி என்னத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள் இவள்? அரிசிப் பெட்டிமேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன்.

தர்மிளா கீழே சாக்கில் உட்கார்ந்திருந்தாள். சரித்திரப் புத்தகம் மூலையில் கிடந்தது. மடியில் மக்கீன் மாஸ்டர் கொடுத்த கேள்வித்தாள் கட்டு. பென்சிலால் எழுதுகிறாள், அழிக்கிறாள், விரலை மடக்கி எண்ணுகிறாள், எழுதுகிறாள். சுற்றிலும் எழுதி முடித்த தாள்கள். தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். ஒரு மாதத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

நான் உள்ளே வந்துவிட்டதால் வெளியே சத்தம் ஓய்ந்துவிட்டது. பிள்ளையின் பென்சில் நின்றது. கூரையை அண்ணாந்து பார்த்தாள். என் தலையைக் கண்டாள்.

“ஏன் பெரியம்மா நிறுத்திட்டீங்க?” என்றாள், காற்றுக் குரலில்.

“என்னாடி இது?”

“கணக்குப் போட்டா வாயத் தொறக்க முடியாது பெரியம்மா. வாயத் தொறக்காட்டி நீங்க கூப்பிடுவீங்க. நீங்க கூப்பிட்டா அப்பா வந்துருவாங்க.” ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். “நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடுறப்பதான் யாரும் என்னயக் கேக்கல. நேத்து ரெண்டு தாள் முடிச்சிட்டேன். இன்னும் பதினோரு கணக்கு இருக்கு.”

ஒரு மாதம். நாங்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் பெயிலான பாடத்தைத் தவிர மற்றதையெல்லாம் படிக்க வைத்திருக்கிறோம். பீலியில் அழகம்மா வாயில் கை வைத்துக்கொண்டது எதற்கு என்று பெட்டிமேல் நின்றபடியே விளங்கியது. இதை லயத்துக்கு எப்படிச் சொல்வாள் அவள்? பிள்ளைக்காக ரேடியோவை நிறுத்தின ஆட்களிடம் போய், நீங்கள் கேட்பதை நிறுத்துங்கள் என்றா?

வெளியே பழனியாண்டியின் குரல் வந்தது. “அப்பாடா, ஓஞ்சிருச்சு. போங்க, எல்லாரும் போங்க. புள்ள சத்தத்தையே காணோம். விடிஞ்சா சோதன, ரெண்டு நாளா இதுங்களாலே என்னாத்தப் படிச்சாளோ.” செருப்புச் சத்தம் அவர்கள் வாசலை நோக்கிப் போனது.

பெட்டியிலிருந்து இறங்கினதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. அவர் படியில் கால் வைக்கும்போது நான் அதற்கு மேல் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு.

“தம்பி, எங்க போறீங்க? நில்லுங்க. ஒங்களுக்கும் இருக்கு.”

“எனக்கு என்னாக்கா இருக்கு? வழி விடுங்க.”

“விடுறேன். போன தீபாவளிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஏணி வாங்கிட்டுப் போனீங்களே. அந்த ஏணி எங்க?”

“ஏணியா?”

“ஏணிதான். கலைஞ்சு போன கூட்டத்தையும் கூப்பிடுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

கூட்டம் கூப்பிடாமலே திரும்பியது. அழகம்மா முற்றத்தில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். அவள் வாய் லேசாகத் திறந்து மூடியது. பிறகு அவளும் வந்து என் பக்கத்துப் படியில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, “என் புருசன ஏணித் திருடன்னா சொல்றே?” என்று கத்தினாள். இந்தத் தடவை அவள் குரல் நன்றாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் ஏணி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பதினோரு கணக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் எனக்குத் தெரியாது. அந்த ஏணிக்கு எத்தனை படி, எந்தெந்தப் படி என்ன மரம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.